காணாமல் போனவரின் பெயர்

"அந்தப் பேரை நான் சொல்ல மாட்டேன் சார். வேற யாரையாவது நடிக்க வையுங்க" என்று மலர்க்கொடி நாடகப் பிரதியை மேசைமேல் வைத்துவிட்டாள்.

திருநாவுக்கரசு அதை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினார். கடலூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் மேலாளர் அவர். 2008 மார்ச்சில் ஓய்வு. சிதம்பரத்தில் அடுத்த வார ஞாயிறு நடக்கும் ஊழியர் நாடகப் போட்டிதான் அவர் மேடையேற்றப் போகும் கடைசி நாடகம். இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

கதை சின்னது. ஆருத்ரா தரிசனக் கூட்டத்தில் ஒரு கிழவி தொலைந்து போகிறாள். கூட்டி வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணாக மலர்க்கொடி தேடுகிறாள். போலீஸ்காரர் மைக்கில் கூப்பிடுகிறார். கிழவியோ மைக் செட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து பஜ்ஜி தின்கிறாள். கிழவியின் பேர் மட்டும் பதினேழு இடத்தில் வரும்.

"மாரியம்மாள்னு சொல்றதுல என்னம்மா கஷ்டம்?"

"எங்க மாமியார் பேரு சார் அது."

மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது பழைய வழக்கம். மலர்க்கொடி இதில் ரொம்பக் கறார். மாரியம்மன் கோயிலுக்குப் போனாலும் "அந்தக் கோயிலுக்குப் போறேன்" என்பாள். எந்தக் கோயில் என்று ஆட்டோக்காரர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

"சரி, ராசம்மாள்னு மாத்திடறேன்."

போலீஸ்காரராக நடிக்கும் கலைமணி கை தூக்கினான். "சார், எங்க அம்மா பேரு. மூணாவது சீன்ல 'யோவ், அந்த ராசம்மாள இழுத்துட்டு வாய்யா'ன்னு வருது. பெத்தவளை நான் எப்புடி சார் இழுத்துட்டு வரச் சொல்றது?"

"தில்லையம்மாள்?"

இப்போது கொளஞ்சியப்பன் எழுந்தான். புடவை கட்டிக் கிழவியாக நடிப்பவன் அவன். "எம் பொண்டாட்டி பேரு சார். அவ மொத வரிசையில ஒக்காந்திருப்பா. அவ பேர வச்சிக்கினு நான் பஜ்ஜி தின்னா அப்பறம் வூட்ல எனக்குச் சோறு கெடையாது."

"ஒனக்கு அதான் மச்சான் சரி" என்றான் கலைமணி.

திருநாவுக்கரசு வேறு வழி தேடினார். பேர்களின் வயது அவருக்கு அத்துப்படி. வாக்காளர் பட்டியலில் வயதுக் கட்டத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, பேரைப் படித்தே வயதைச் சொல்வார். இசைவாணி, எழிலரசி என்றால் நாற்பதுக்குக் கீழே. மேடைகளில் தமிழ் முழங்கிய காலத்தில் பிறந்தவர்கள். அஞ்சலாட்சி, பூரணி, உண்ணாமலை என்றால் அறுபதுக்கு மேலே. கணக்கு ஐந்து வருடத்துக்கு மேல் தப்பாது. அந்தப் பேர்களைப் படித்தால் அவருக்கு அரைத்த மஞ்சளும் கசங்கிய கதம்பமும் மணக்கும். அறுபதைத் தாண்டியவர்களிடம் கொத்துக் கொத்தாக இருக்கும் அவை இருபது வயதுக்காரர்களிடம் ஒன்றுகூட இல்லையே என்று வருத்தமாகவும் இருக்கும்.

தவிர, மைக்கில் கூப்பிடும் பேருக்கென்று ஒரு லட்சணம் உண்டு. நடுவில் ஓர் அழுத்தம் வேண்டும். கடைசியில் இழுக்க இடம் வேண்டும். இப்படி எல்லாம் பார்த்துப் பட்டம்மாள் என்று முடிவு செய்தார். நடிப்பவர்கள் யார் வீட்டிலும் பட்டம்மாள் இல்லை. இரண்டு நாள் ஒத்திகை அமைதியாக நடந்தது.

மூன்றாம் நாள் பொன்னுரங்கம் என்பவர் பைக்கில் வந்து இறங்கினார். "எங்க அம்மா பட்டம்மாள காணும்னு ஒங்க ஆபீஸ்லதான் சொன்னாங்களாமே?"

கலைமணி ஆபீஸ் மொட்டை மாடியில் நின்று வசனத்தைப் பழகியிருக்கிறான். தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது.

"அது நாடகம் சார்."

"எங்க அம்மா வூட்ல டிவி பாத்துனு இருக்காங்க. ஆனா பண்ருட்டியிலேர்ந்து எங்க தங்கச்சி அழுதுகினே பஸ் ஏறிட்டா. அவளுக்கு யாரு பதில் சொல்றது?"

தங்கச்சிக்குத் திருநாவுக்கரசே போனில் பதில் சொன்னார். உயிரோடு இருப்பவர்களின் பட்டியலில் பேர் தேடியது தன் தப்புதான் என்று அவருக்கு அப்போது உறைத்தது. இறந்தவர் பேர் என்றால் சண்டைக்கு யார் வரப்போகிறார்கள்?

அன்று பழைய நிலப் பத்திரத்தைப் புரட்டியபோது அப்பாவைப் பெற்ற ஆயாவின் பேர் கண்ணில் பட்டது. செங்கமலம். திருவந்திபுரம் பக்கம் அந்தக் காலத்துப் பெண்களுக்குப் பெருமாள் கோயில் தாயாரின் பேரை அப்படி வைப்பதுண்டு. ஆயா போய் முப்பது வருடம். மைக் லட்சணமும் பொருந்தியது. கலைமணி ஒருமுறை இழுத்துக் கூப்பிட்டதும் கொளஞ்சியப்பனே, "சார், இதான் கெழவி" என்றான்.

ஒரே ஒரு சிக்கல், அம்மா. கோவிந்தம்மாளுக்கு எழுபத்தாறு வயது. மலர்க்கொடியே இத்தனை கறார் என்றால், மாமியார் பேரை ஒருநாளும் சொல்லாத அம்மா, அதை மைக்கில் பதினேழு முறை கேட்டால் என்ன ஆகும்?

"சிதம்பரத்துல பனி ஜாஸ்திம்மா. நீ வூட்ல இரு."

"கடலூர்ல மட்டும் வெயிலா அடிக்குது? கடைசி நாடகம்னு நீதான சொன்ன" என்று அம்மா வேனில் முதல் ஆளாக ஏறிவிட்டாள்.

கீழ வீதிக் கல்யாண மண்டபத்தில் அவர் அம்மாவைக் கடைசி வரிசையில், ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார வைத்தார். அங்கே காது சரியாகக் கேட்காது என்பது அவர் நம்பிக்கை. ஒலிபெருக்கி அந்தத் தூணில்தான் கட்டியிருந்தது.

திரை விலகியது. கலைமணி மைக்கைப் பிடித்தான். "திருவந்திபுரத்துலேர்ந்து வந்த செங்கமலம்... செங்கமலம்... எங்க இருந்தாலும் ஒடனே மைக் செட்டுகிட்ட வரவும்."

கடைசி வரிசையில் அம்மா எழுந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவழியாக நடந்து வந்தாள். திரை ஓரத்திலிருந்து திருநாவுக்கரசு பார்த்துவிட்டார். அவர் ஓடி வருவதற்குள் அம்மா மேடைப் படி ஏறிவிட்டாள். மேடையில் இரண்டு கிழவிகள். கொளஞ்சியப்பன் பஜ்ஜியோடு உறைந்து போனான். இதுவும் நாடகம் என்று நினைத்து மண்டபம் கைதட்டியது.

"நீங்க யாரும்மா?" என்று கலைமணி வசனத்தை மறந்து கேட்டான்.

"நீதானப்பா கூப்ட்ட."

திருநாவுக்கரசு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்புதாம்மா. ஒம் மாமியா பேர மைக்ல கூப்பிட வச்சது தப்புதான். கோச்சிக்காத, வா."

அம்மா கையை விடுவித்துக்கொண்டாள். மைக் அவள் குரலையும் மண்டபம் முழுக்கக் கொண்டு போனது.

"எம் பேரும் அதாண்டா. மாமியா பேரும் மருமவ பேரும் ஒண்ணா இருக்கக் கூடாதுன்னு தாலி கட்டன அன்னைக்கே என்னைக் கோவிந்தம்மாளா மாத்திட்டாங்க, பொறந்த வூட்லயும் அப்பறம் அந்தப் பேரு போச்சி. அறுவது வருசம் கழிச்சி ஒருத்தன் கூப்புட்றான், வராம எப்புடிடா ஒக்காந்திருப்பேன்?"