எழுபத்திரண்டு கொண்டை ஊசிகள்

எதையும் எண்ணாமல் விட என்னால் முடிவதில்லை. ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் எத்தனை படிகள் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். (யாரும் கேட்பதில்லை.) இந்த வியாதி ஒருமுறை என் தம்பியின் கல்யாணத்தையே குழப்பியது.

எழுபதுகளின் கடைசி. தம்பிக்குப் புளியங்கூடலில் பெண் எடுத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் கொடுக்க வேண்டிய கூறைச்சேலையை வாங்க நானும் மனைவி மனோன்மணியும் இந்தியா போனோம். கப்பலில் தலைமன்னாருக்குத் திரும்பி அன்று மாலை ரயிலைப் பிடித்தால், மறுநாள் காலை முகூர்த்தத்துக்குச் சேலை வந்துவிடும்.

போகும்போதே எனக்குக் கொதிப்பு. கடலைக் கடக்க மூன்று மணித்தியாலம். இரு கரையிலும் சுங்கம், குடிவரவு என்று ஏழு மேசைகளைக் கடக்க ஐந்து. ஏழிலும் ஒரே கேள்விகள். ஆகவே திரும்பும்போது அதிகாரிகளின் வேலையை இலகுவாக்கத் தீர்மானித்தேன். பெட்டிகளில் இருந்த அனைத்தையும் எண்ணி, மூன்று பிரதிகளாகப் பட்டியல் எழுதினேன்.

தலைமன்னாரில் சுங்க அதிகாரி பெட்டிக்குள் ஒரு கை விட்டுப் பார்த்து, பெட்டிமேல் சோக்குக்கட்டியால் புள்ளடிக் குறி போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். ஆளுக்கு இரண்டு நிமிடம். என் முறை வந்ததும் பட்டியலை நீட்டினேன். அவர் முகம் வாடியது.

"ஏன் ஐயா இதைத் தந்தனீங்கள்? எழுத்திலை தந்தால் நான் ஒவ்வொண்டாய்ப் பார்த்துத்தான் கையெழுத்து வைக்கவேணும்."

"பாருங்கோ. எல்லாம் சரியாய் இருக்கும்" என்றேன், பெருமையாக.

பதினெட்டு உருப்படிகள் சரியாக இருந்தன. பத்தொன்பதாவது, கொண்டை ஊசி எழுபத்திரண்டு. அறுபத்தொன்பதுதான் இருந்தது. அவர் இருமுறை எண்ணினார். மூன்றாம் முறை நான் எண்ணினேன். (யாரும் கேட்கவில்லை.)

பின்னால் நின்ற அல்லைப்பிட்டி மீன் வியாபாரி பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "அண்ணை, உங்கடை ஊசி எங்களையெல்லோ குத்துது."

"மிச்சம் மூண்டும் எங்கை?" என்றார் அதிகாரி.

மனோன்மணி தன் தலையிலிருந்து மூன்று ஊசிகளை உருவி மேசையில் வைத்தாள். கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது.

"இப்ப சரியோ? சரியெண்டால் இந்த மனிசனையும் எண்ணி நீங்களே வைச்சிருங்கோ."

மூன்று பிரதியிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே ஓடியபோது ரயில் புறப்பட்டுவிட்டது. (ஒன்பது பெட்டிகள்.)

மூன்று பஸ் மாறி மறுநாள் பிற்பகல் புளியங்கூடல் போய்ச் சேர்ந்தோம். தாலி ஏறி முடிந்திருந்தது. தம்பி கடைசி நேரத்தில் எங்கள் வீட்டு அலுமாரியை உடைத்து, மனோன்மணியின் கல்யாணக் கூறையை எடுத்துப்போயிருக்கிறான்.

"வாங்கோ, வாங்கோ. பழஞ்சேலையிலை கலியாணம் முடிஞ்சுது" என்று வரவேற்றார் பெண்ணின் தாய்.

ஒன்றும் எழுதாதவன் இரண்டு நிமிடத்தில் போகிறான். ஒழுங்காக எழுதியவன் ரயிலை விடுகிறான். அந்த ஒரு பட்டியலை ஏழு மேசையும் ஏற்றுக்கொண்டால் போதாதா என்று நான் இன்றும் கேட்கிறேன். கேட்டதும் மனோன்மணி அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஆனால் தம்பி வீட்டுக்குப் போய்ப் புறப்படும் ஒவ்வொரு முறையும் அவன் மனைவி என் கையில் மூன்று கொண்டை ஊசிகளை வைப்பாள். "எண்ணிப் பாருங்கோ அத்தான், பிறகு குறையுதெண்டு சொல்லக்கூடாது."

நான் எண்ணாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வேன். (வாசற்படலை தாண்டித்தான் எண்ணுவேன். மூன்றுதான்.)