மூன்று கன்னியம்மா, ஓர் அண்டா

படிக்கத் தெரியாதது குற்றமில்லை. படித்தவரை ஏமாற்றப் போனதுதான் குற்றம். அதை நான் செய்தேன்.

எழுபதுகளில் கோட்டூர்புரத்தில் ஆற்றோரக் குடிசை. அடையாறில் தள்ளுவண்டியில் இட்லி விற்றேன். முதலுக்குத் தண்டல்காரன். நூறு என்று எழுதிக்கொண்டு எண்பத்தைந்து கொடுப்பான். தினமும் வந்து கொஞ்சம் கொஞ்சமாக நூறையும் வாங்கிப்போவான். அவனிடமிருந்து விடுபட்டால் போதும் என்றிருந்தது.

ஒரு வங்கியில் பெண்களுக்குக் குறைந்த வட்டிக்குக் கடன் என்றார்கள். மீன் விற்கும் வசந்தா, பூ விற்கும் முனியம்மா, நான் மூவரும் சேர்ந்து மனு போட்டோம். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற இருவரும் கட்ட வேண்டும். அதிகாரி வீட்டைப் பார்க்க வருவார்.

வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது? வெறும் வீட்டை நம்பி எவன் கொடுப்பான் என்று யோசனை சொன்னவள் நான். (அப்போது எனக்கு மூளை அதிகம்.) எதிர்வீட்டுக் கன்னியம்மா அக்காவிடம் பெரிய பித்தளை அண்டா இருந்தது, கல்யாணச் சீராக வந்தது. அவள் வேலைக்குப் போனதும் எடுத்து வந்தோம். அதிகாரி பார்த்துவிட்டு என் முன்வாசலைவிட்டு இறங்கும்போது அண்டா பின்பக்கமாக வசந்தா வீட்டுக்குப் போகும். பிறகு முனியம்மா வீட்டுக்கு.

வந்தார். அண்டாவின் கழுத்தைக் குனிந்து பார்த்தார்.

"உங்க பேர் கன்னியம்மாவா?"

பயத்தில் தலையாட்டினேன். (அவர் கையிலிருந்த மனுவில் என் பெயர் புஷ்பா.) அண்டாவில் வெட்டியிருந்த அக்காவின் பெயர் எனக்கு வெறும் பூவேலை.

வசந்தாவிடமும் அதையே கேட்டார். பின்னால் நின்று நான் ஜாடை காட்ட, அவளும் தலையாட்டினாள். முனியம்மா வீட்டில், "நீங்களும் கன்னியம்மாதானே?" என்றார். அவள் அடக்கமாக, "ஆமா சார்" என்றாள்.

வாசலில் நிழல். வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பிய அக்கா.

"என் அண்டா இங்க இன்னா பண்ணிக்கினு கீது?"

"நீங்க யாரு?" என்றார் அதிகாரி.

"கன்னியம்மா."

அவர் பூக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கடன் போயிற்று, சாகும்வரை தண்டல்தான் என்று நினைத்தேன். அவர் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. அக்காவைத்தான் கேட்டார், இவர்களை நம்பிப் பணம் கொடுக்கலாமா என்று.

அக்கா அண்டாவைச் சுற்றித் தடவிப் பார்த்தாள்.

"சொல்லாம எடுத்தாளுங்க, அது தப்பு. ஆனா மூணு வூடு சுத்தியும் ஒரு நெளிசல் இல்ல பாரு சார். குடு. கட்டுவாளுங்க."

"கட்டலைன்னா?"

"இதுல போட்டு வேக வெச்சுர்றேன்."

அவளையும் ஜாமீனாக எழுதிக்கொண்டு போனார். கடன் வந்தது. ஒரு தவணை தவறவில்லை. கடன் தீரும்வரை வெள்ளிதோறும் அண்டாவுக்குப் புளி போட்டுத் தேய்த்தவர்களும் நாங்களே. அது அக்கா போட்ட வட்டி.

இன்றும் சோறு குறைவாக இருக்கும் நாளில், நான் சாப்பிட்டுவிட்டேன் என்றால், இந்தக் கதை தெரிந்த என் மகள் நம்புவதில்லை. தட்டை வைத்துவிட்டுச் சொல்வாள்:

"உக்காரு, கன்னியம்மா."