பதினேழாம் எண் டோக்கன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். சர்டிபிகேட்டும் நலம். இதை முதலில் எழுதிவிட்டேன். மீதியைத் தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் படியுங்கள். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள், அதனால்தான் கடிதம்.

ஊர் சுற்ற வந்த இடத்தில் காலையிலிருந்து மழை. என் தோழிகள் நெட்டை, வாயாடி, நான் மூவரும் நனைந்துபோய் ஒரு அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினோம். பைகளை உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். வாசலில் ஒரு அக்கா வாங்கி வைத்துக்கொண்டு, நம்பர் அடித்த பித்தளை டோக்கன் தந்தார். எனக்குப் பதினேழு. எங்கே போனாலும் உன்னோடேயே இருக்கணும் என்று சர்டிபிகேட்டுக்கு ரெக்ஸின் உறை தைத்துக் கொடுத்தீர்களே, அது அந்தப் பையில்தான் இருந்தது. திங்கட்கிழமை வேலையில் சேரும்போது காட்ட வேண்டிய சர்டிபிகேட்.

மாடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி நிறையப் பழைய ராணுவச் சட்டைகளின் பித்தளைப் பொத்தான்கள். உங்கள் நினைவு வந்து குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தால் கையில் டோக்கன் இல்லை. கண்ணாடியின் மூலை உடைந்திருந்தது. உள்ளே வழவழவென்று ஒரு வட்டம் கிடந்தது. டோக்கனின் முதுகேதான்! விழுந்த சத்தம்கூடக் கேட்டது என்று நெட்டை சத்தியம் செய்தாள். வாயாடிதான் ஓடிப்போய்க் காப்பாளரைக் கூட்டி வந்தாள்.

அவர் சாவியும் பதிவேடுமாக வந்தார். பதிவேட்டில் இருபத்து மூன்று பொத்தான்கள். பெட்டிக்குள் எண்ணினார்: இருபத்து மூன்று. மறுபடி எண்ணினார். வியர்த்துவிட்டது.

"உன் டோக்கனோட சேத்து இருபத்து மூணுன்னா, ஒரு பொத்தான் ஏற்கெனவே போயிடுச்சும்மா! எனக்கு அடுத்த மாசம் ரிட்டயர்மெண்ட்."

"திருப்பிப் பாத்துடலாமே, சார்" என்றாள் வாயாடி.

"தொடாத! பாத்தா தெரிஞ்சிடும். தெரிஞ்சா மேலிடத்துக்கு ரிப்போர்ட் எழுதணும். அது உள்ளயே இருக்கட்டும்."

கீழே அந்த அக்கா மசியவில்லை. "டோக்கன் இல்லாம பை கிடையாது. அஞ்சு மணிக்குப் பூட்டிடுவேன்." காப்பாளர் கெஞ்சியதும், "சரி, பைக்குள்ள என்ன இருக்கு? சொல்லு, பாப்போம்" என்றார்.

மழைக்கு ஒதுங்கியவர்கள் நாற்பது பேர் என்னையே பார்த்தார்கள். காலேஜில் ஆஜர்கூட மெதுவாகச் சொல்கிறவள் நான். "சர்டிபிகேட்" என்றேன்.

"யாரோடது? சத்தமா!"

என் பெயர், உங்கள் பெயர், பாடம், வருடம் எல்லாம் ஒப்பித்தேன். அக்கா மூன்று பிளாஸ்டிக் உறை, உங்கள் ரெக்ஸின் உறை எல்லாவற்றையும் உரித்து, சரிபார்த்துவிட்டு, "ஃபர்ஸ்ட் கிளாஸ்! இதைச் சொல்லவா இவ்வளவு நேரம்?" என்று கத்தினார். நாற்பது பேரும் கை தட்டினார்கள். உங்கள் பெயருக்கும் சேர்த்துத்தான் தட்டினார்கள், அப்பா.

அம்மாவுக்கு என் அன்பு. தம்பி என் மேசையைத் தொடவேண்டாம்.

இப்படிக்கு,
சர்டிபிகேட்டைச் சுமக்கும் உங்கள் மகள்

பின்குறிப்பு: பேன்ட்டைத் துவைக்க எடுத்தேன். மழைக்காக மடித்துவிட்டிருந்த கால் மடிப்புக்குள் பதினேழாம் எண் டோக்கன் இருந்தது! பெட்டியில் இருந்த இருபத்து மூன்றும் பொத்தான்கள்தான். பொத்தானைத் தெரியாத தையல்காரர் மகள் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். பாவம் காப்பாளர், ஒரு மாதம் தூங்கமாட்டார். நாளைக் காலையில் நானே போய், "ஒண்ணும் தொலையல, சார்" என்று சத்தமாகச் சொல்லப்போகிறேன். பையைக் கொண்டுபோக மாட்டேன். நீளம் குறைத்துத் தருகிறேன் என்றீர்களே, அந்தப் பேன்ட்தான் இது. ஃபேஷன் என்று சண்டை போட்டேன். வந்ததும் வெட்டிவிடுங்கள்.