மாடியக்கா பச்சை காட்டினால்தான்

திருப்பூரில் போலீசுக்குப் பயப்படாத டெம்போ டிரைவர்கள் நிறைய உண்டு. மாடியக்காவுக்குப் பயப்படாதவர் ஒருவர்கூடக் கிடையாது.

நல்லூரில் எங்கள் சந்தின் இரு முனையிலும் பனியன் கம்பெனிகள். நடுவில் சந்து குறுகி, ஒரு டெம்போ மட்டும்தான் நுழையும். சாயங்காலமானால் இரண்டு பக்கமிருந்தும் வண்டிகள் புகுந்து மூக்கோடு மூக்கு முட்டி நிற்கும். ஹாரன் சத்தத்தில் சீரியல் வசனம் கேட்கவில்லை என்று கொதித்துப்போய், எதிர்வீட்டு மாடியில் தையல் மெஷின் போட்டிருந்த அக்கா ஒருநாள் சிவப்பும் பச்சையுமாக இரண்டு வெட்டுத்துணிகளைக் கையில் எடுத்தார். அங்கிருந்து பார்த்தால் இரு முனையும் தெரியும்.

“ஏனுங்கக்கா, நீங்க டிராஃபிக் போலீசுங்களா?” என்று கேட்டார் ஒரு டிரைவர்.

“இல்லீங்க தம்பி. போலீசுன்னா ஃபைன் போட்டுட்டு உட்டுருவாங்க. நான் உடமாட்டனுங்க.”

அவர் சட்டம் தனி. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி விடமாட்டார். அப்படி விட்டால் காத்திருந்தே பொழுது போய்விடுமாம். ஒரு பக்கத்துக் கூட்டம் மொத்தமாகப் போன பிறகே மறுபக்கம். தண்ணீர் லாரிக்காகக் கம்பெனி முதலாளியின் காரையே நிறுத்தினார். “தண்ணிக்கு வீதியே குடத்தோட நிக்குது. உங்களுக்கு யாருங்க நிக்கறாங்க?”

ஒருநாள் துவைத்த சிவப்புச் சேலையை மாடிச்சுவர் நெடுகக் காயப்போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். இரு பக்கமும் வண்டிகள் பணிவாக நின்றன. நடுவே சந்து காலி. திரும்பி வந்தவர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இங்க யாராச்சும் செத்துட்டாங்களா?” என்றார்.

போன மழைக்காலத்தில், லைன் வீட்டு ஒடிசாக்காரப் பெண்ணுக்குப் பிரசவ வலி. ஆட்டோவில் ஏற்றிய நேரம் சந்து முழுக்க வண்டி. “தீதீ!” என்று தன் பாஷையில் அக்காவைக் கூப்பிட்டு அவள் கணவன் மாடியைப் பார்த்துக் கதறினான். அக்கா செருப்புக்கூடப் போடாமல் இறங்கி, ஆட்டோவைத் தாண்டி, வண்டிகளைத் தாண்டிச் சந்தின் முனைக்கே ஓடினார். கடைசியாக நின்றது அந்த முதலாளியின் கார்.

“சாமி, உங்க வண்டி நகந்தாத்தானுங்க மத்ததெல்லாம் நகரும். ஒரு உசுருங்க!”

அவர் ரிவர்ஸ் எடுத்த வேகத்தில் புதுக்கார் சுவரை உரசிக்கொண்டே போனது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்தடுத்த வண்டிகளும் பின்னால் நகர, ஆட்டோ பறந்தது. ஆஸ்பத்திரி வாசலைத் தொட்ட கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் குழந்தையைக் காட்ட வந்தார்கள். “இந்தக் காத்துல பச்சப்புள்ளையத் தூக்கிட்டு வருவீங்களா?” என்று திட்டிக்கொண்டே அக்கா வாங்கி மடியில் கிடத்திக்கொண்டார். கீழே வண்டிகள் முட்டிக்கொண்டன. புது டிரைவர் ஒருவர் பொறுமை இழந்து ஹாரன் அடிக்க, பழைய டிரைவர் இறங்கிப் போனார்.

“அக்கா கொழந்தைய வச்சிருக்காங்க. கொஞ்சம் பொறுங்க.”

என் வீடு கண்ணெதிரே தெரிந்தது. பைக்கை அணைத்துவிட்டு நானும் நின்றேன்.