தட்டு மாற்றும் முன் ஒரு சளி மாத்திரை

கல்யாணம் பேசும்போது இரண்டு வீட்டாருமே எதையாவது மறைப்பார்கள். வயதை, வழுக்கையை, ஊரைவிட்டு ஓடிப்போன சித்தப்பாவை. எங்கள் வீட்டில் மறைக்க வேண்டியிருந்தது என் இதயம்.

அப்போது நான் செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். இதயத்தின் படத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். டாக்டரைக் கேட்காமல் மருந்து சாப்பிடக் கூடாது என்று வருடா வருடம் பாடம் நடத்தி, அதை எழுதாமல் வந்தவர்களை வெளியே நிறுத்தியிருக்கிறேன். அப்படிப்பட்ட என் இதயமே ஒருநாள் தாறுமாறாக அடித்துக்கொண்டது. ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. தினமும் காலையில் சாப்பிட மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "சளி, இருமல்னாலும் என்னைக் கேக்காம எதையும் வாயில போடாதீங்க டீச்சர்" என்றார். எனக்கே பாடமா என்று மனதுக்குள் முறைத்துக்கொண்டு வந்தேன்.

பெரிய மகனுக்கு மாமல்லபுரத்தில் பெண் அமைந்தது. பெண்ணின் அப்பா சுற்றுலா வேன்கள் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து என் மகன் தானாகவே சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தான். (பிறந்ததிலிருந்து நான் சொல்லிப் பார்த்த விஷயம் அது.) இந்த இடம் கைநழுவினால் பையன் உடைந்துபோவான் என்று எனக்குத் தெரிந்தது.

என் வீட்டுக்காரரின் அக்காவுக்கும் அது தெரிந்தது. அவர்தான் யோசனை சொன்னார். "இத்த பாரும்மா. ஹார்ட்டு மாத்திர சாப்புடுறேன்னு அங்க போயி வாய தொறந்துடாத. பொண்ண மருமகளா கேக்குறாங்களா, நர்சு வேலைக்கு கேக்குறாங்களான்னு நெனப்பாங்க. கல்யாணம் முடியட்டும், அப்பால சொல்லிக்கலாம்."

வாய்மையைப் பற்றி காலை வழிபாட்டில் மாதம் ஒருமுறை பேசுகிற எனக்கு இது முழுக்க நியாயமாகப் பட்டது. மாத்திரை அட்டையை சோப்பு டப்பாவுக்குள் வைத்துக்கொண்டு நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பினேன்.

தை மாதப் பனி. செங்கல்பட்டிலேயே மூக்கு அடைத்துக்கொண்டது. திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் தும்மல் பிடித்தது. மாமல்லபுரத்தில் இறங்கியதும், மிச்சத்தைக் கடல்காற்று பார்த்துக்கொண்டது.

மாப்பிள்ளையின் அம்மா தும்மினால் பெண் வீட்டில் அதைச் சும்மா விடமாட்டார்கள். பெண்ணின் அத்தை, அதாவது சம்பந்தியின் அக்கா, கையில் ஒரு மாத்திரையும் தண்ணீருமாக ஓடி வந்தார். "இத்த போடுங்க சம்பந்தியம்மா, அர மணி நேரத்துல மூக்கு தொறந்துக்கும். எங்க வூட்ல அல்லாருக்கும் இதான்."

அதற்குள் சம்பந்தி குறுக்கே வந்தார். "மாத்திரையெல்லாம் இன்னாத்துக்குக்கா? வெந்நீர்ல உப்பு போட்டு கொப்புளிக்கட்டும், ஆவி புடிக்கட்டும். போதும்."

என் நாத்தனார் என் காதுக்குள் சொன்னார்: "ஒரு மாத்திரைக்கே மனசு வரல. சீர் எப்பிடி செய்யப்போறாரோ."

எனக்குச் சுருக்கென்றது. வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள், பேச்சு சோப்பு டப்பா வரை போய்விடும். வாங்கி விழுங்கினேன். சம்பந்தி ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். பிறகு ஓரமாகப் போய், மடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து எதையோ வாயில் போட்டுக்கொண்டார். சீவல் போடுகிறவர் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மாத்திரை சொன்னபடி வேலை செய்தது. மூக்கு திறந்தது. அடுத்து அத்தை, தொண்டைக்கு இதம் என்று ஒரு பெரிய டம்ளரில் அதிமதுரக் கஷாயம் கொண்டுவந்தார். "அத்த குடுக்காதக்கா. கொஞ்சம் தேன் குடு" என்று சம்பந்தி மறுபடி தடுத்தார். எனக்கு வந்த ரோஷத்தில், அவர் பார்க்கும்படியாக முழு டம்ளரையும் குடித்தேன். "அந்த மாத்திரை இன்னொண்ணு இருக்குமா?" என்று நானே கேட்டு வாங்கி, அதையும் போட்டுக்கொண்டேன். இதைத்தான் நான் வகுப்பில் சுய மருத்துவம் என்று நடத்துவேன்.

ஐயர் லக்னப் பத்திரிகை வாசிக்க ஆரம்பித்தார். தட்டை ஏந்தி நின்றேன். வீடியோக்காரர் என் முகத்துக்கு நேராக விளக்கைப் பிடித்தார். அப்போதுதான் நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. குளிரில் பழைய டீசல் வேனைக் கிளப்பினால் எப்படி உதறுமோ அப்படி உதறியது. தலைக்குள் சூடு ஏறியது. தட்டு சாய்ந்தது. தட்டிலிருந்த தேங்காய் விழுந்து, உருண்டு, சம்பந்தியின் காலடியில் போய் நின்றது. யாரோ "அபசகுனம்" என்று முணுமுணுத்தார்கள்.

என் வீட்டுக்காரர் பதறிப்போய், "காலைல மாத்திர போட்டியா நீ?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டார். நாத்தனார் அவர் தொடையில் கிள்ளியது வீடியோவில் தெளிவாக விழுந்திருக்கிறது.

சம்பந்தி வாசலுக்கு ஓடினார். வேனை எடுத்தார். அக்கம்பக்கத்தில் இருந்த ஒரு நர்சிங் ஹோமில் என்னைக் கட்டிலில் கிடத்தினார்கள். பிரஷர் பார்த்த டாக்டரம்மா நிமிர்ந்து, "வழக்கமா ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். இரும்பு ஒடம்பு" என்றார் நாத்தனார்.

நான் உண்மையிலேயே பயந்துபோயிருந்தேன். செத்துவிடுவேனோ என்ற பயம் இருந்தது. வாசலில் பட்டு வேட்டியோடு நின்ற மகனின் முகத்தைப் பார்த்தபோது, இவன் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேனே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஆனாலும் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லிவிட்டேன்: "ஹார்ட்டுக்குச் சாப்பிடறேன். சோப்பு டப்பாவுல இருக்கு."

டப்பாவை என் கைப்பையிலிருந்து எடுத்துத் திறந்து பார்த்த டாக்டரம்மா, வகுப்பெடுத்தார். "மூக்கடைப்பு மாத்திரை மூக்குல இருக்கற ரத்தக்குழாயைச் சுருக்கித்தான் அடைப்பைத் திறக்குது. மூக்கோட நின்னுடுமா அது? பிரஷரை ஏத்தும், படபடப்பைக் கெளப்பும். அதிமதுரமும் பிரஷருக்கு ஆகாது. உங்களுக்கு சளி புடிச்சா உப்புத்தண்ணி, ஆவி, கொஞ்சம் தேன். அதுக்கு மேல எதுவானாலும், மாத்திரை பேரைச் சொல்லி டாக்டரைக் கேட்டுட்டுத்தான்."

ரத்தம் உடம்பு முழுவதும் ஓடுகிறது என்பதை ஒரு அறிவியல் ஆசிரியைக்கு நினைவூட்டினார்.

"இதையேதான காலையிலேர்ந்து இவன் சொல்லிகினு இருந்தான்" என்றார் சம்பந்தியின் அக்கா. எல்லோரும் சம்பந்தியைப் பார்த்தோம்.

அவர் மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே சீவல் இல்லை. அட்டையிலிருந்து வெட்டிய மாத்திரைகள். அதில் ஒன்று என் சோப்பு டப்பாவில் இருந்ததேதான்.

"எனுக்கும் ஹார்ட்டு கீதுங்க" என்றார். "பொண்ணு கல்யாணம் நின்னுபூடுமோன்னு யார்கிட்டயும் சொல்லல. போன வருசம் அக்கா குடுத்த இதே சளி மாத்திரைய போட்டுட்டு, வண்டி ரிப்பேருன்னு வூட்ல சொல்லிட்டு வந்து, இதே கட்டில்லதான் படுத்துனு இருந்தேன்."

"ஆமாம்" என்றார் டாக்டரம்மா.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "அதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே சம்பந்தி" என்றேன்.

"நீங்களும் சொல்லியிருக்கலாமே டீச்சரம்மா" என்றார்.

வகுப்பில் பதில் தெரியாமல் நிற்கும் பிள்ளைகளின் கஷ்டம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

டாக்டரம்மா போகலாம் என்று சொன்ன பிறகு சாயங்காலம் திரும்பினோம். ஐயர் இன்னொரு நல்ல நேரம் கண்டுபிடித்தார். உருண்ட தேங்காயையே துடைத்து வைத்துத் தட்டு மாற்றினோம். கல்யாணமும் நடந்தது. நிச்சயதார்த்தக் கேசட்டில் தேங்காய் உருளும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததில், டேப் அந்த இடத்தில் தேய்ந்தே போனது.

சில வருடங்கள் கழித்து இளைய மகனுக்கு நெம்மேலியில் நிச்சயம். ஐயர் பத்திரிகையைப் பிரித்து, தொண்டையைச் செருமினார். என் பழைய சம்பந்தி எழுந்து நின்றார்.

"ஒரு நிமிசம் இருங்க சாமி. இந்தம்மாவுக்கு ஹார்ட்டு. எனுக்கும் ஹார்ட்டு. ரெண்டு பேருக்கும் யாரும் சளி மாத்திர குடுக்காதீங்க, வெந்நீர் மட்டும் குடுங்க. இப்ப படிங்க."

ஐயர் பத்திரிகையை மறுபடி மடித்தார். போச்சு, இந்த இடமும் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எதிரே பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் அம்மா, வகுப்பில் பிள்ளைகள் செய்வதுபோல மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"எனக்கு சுகருங்க" என்றார்.