மேட்டூர் திறந்து நாற்பத்தோராம் நாள்

1. லஸ்கரிடம் தேதி கேட்டேன்.
2. அவர் சரியாகச் சொன்னார்.
3. நான் தவறு என்று குறித்தேன்.
4. அவரைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

காவிரி ஒருவரிடமாவது அனுமதி கேட்டுக்கொண்டு ஓடியது என்றால், அது திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து லஸ்கரிடம்தான். வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடும் ஊழியருக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அவர் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்தச் செய்தி தண்ணீருக்குத் தெரியாது என்பது அவர் கட்சி. காக்கிச் சட்டையோடு தினமும் கரைக்குப் போவார். புது லஸ்கர் டீ குடிக்கப் போனதும் ஷட்டரை இரண்டு விரல் இறக்கிவைப்பார். புகார் போனது. அளந்து பார்த்த பொறியாளர் அந்த இரண்டு விரலை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

மறதிநோய் வராமல் நாமே தடுக்கக்கூடிய காரணங்கள் எவை என்று பார்க்கும் ஆய்வு ஒன்றுக்குத் தகவல் திரட்ட அவர் வீட்டுக்குப் போனேன். ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, காது மந்தம், நடக்காமல் இருப்பது, தனிமை. பட்டியல் எனக்கு மனப்பாடம்.

"புகை உண்டாங்க ஐயா?"

"சேச்சே! பீடி மட்டுந்தான்."

"தினமும் நடப்பீங்களா?"

"தண்ணி நடக்குது பாப்பா. நான் கூடப் போறேன்."

மனைவி இறந்து, தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர். தனிமையாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"பத்து ஷட்டர் இருக்கு. அதுல எங்க தனிமை?"

காது மட்டும் மந்தம். மகன் வாங்கித் தந்த காது மிஷின் டப்பாவில் தூங்கியது. "வெறும் மனுசங்க பேச்சுக்கு எதுக்கு பேட்டரி?" என்றார்.

பிறகு நினைவுச் சோதனை. "இன்னைக்கு என்ன தேதி?"

"மேட்டூர் திறந்து நாப்பத்தோராம் நாள்."

"என்ன மாசம்?"

"குறுவை நட்டு முடிஞ்ச மாசம்."

"வருஷம்?"

"கடைமடைக்குத் தண்ணி போய்ச் சேராத வருஷம். எழுதிக்க."

என் கையிலிருந்த டேப்லெட் திரையில் இரண்டே பொத்தான்கள்: சரி, தவறு. மூன்று முறை 'தவறு' அமுக்கினேன். திரும்பும் பஸ்ஸில்தான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று. ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

அதற்குள் விடுமுறைக்கு வந்திருந்த மகன், நான் கையெழுத்துப் போட்டு வீட்டில் கொடுத்துவிட்டு வந்த மதிப்பெண் தாளைப் படித்துவிட்டார். 'இது நோய் முடிவு அல்ல' என்ற வரி அடியில், பொடி எழுத்தில் இருந்தது. போன் செய்து விளக்கினேன்.

"அப்பாவுக்கு வருஷமே தெரியலைங்க. ஆத்தங்கரையில தனியா விட்டுட்டு நான் எப்படி ஆபீஸ்ல உக்காருவேன்?"

அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. தாளில் இருந்தது என் கையெழுத்து.

ஆறு மாதம் கழித்து, ஆய்வு விதிப்படி, அதே கேள்விகளைப் போனில் கேட்டேன். லஸ்கர் சென்னையில், மகன் வீட்டில், எட்டாவது மாடியில் இருந்தார்.

"தினமும் நடக்கிறீங்களா ஐயா?"

"லிஃப்ட் நடக்குது பாப்பா. நான் உள்ள நிக்கிறேன்."

"தனிமையா இருக்குங்களா?"



"அடுத்த கேள்வி கேளு."

தடுக்கக்கூடிய காரணங்களைத் தேடிப் போனவள், ஒரே ஆளுக்கு இரண்டைச் சேர்த்துக் கொடுத்திருந்தேன்.

இந்த வருஷம் தண்ணீர் வந்த அன்று மதகில் நின்றுகொண்டு அவரைக் கூப்பிட்டேன். இது எந்த ஆய்வு விதியிலும் இல்லை.

"இரு இரு, மிஷினை மாட்டிக்கிறேன்."

போனைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டினேன். வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூணாவது ஷட்டர்ல என்னமோ அடைச்சிருக்கு. அந்தப் புது லஸ்கர் பயகிட்ட எடுக்கச் சொல்லு."

எட்டிப் பார்த்தேன். முழு வாழைமரம் ஒன்று குறுக்கே கிடந்தது.

இப்போதைய நிலவரம்: அணை திறந்த நாள்கணக்கில் தேதி சொன்னாலும் சரி என்று எங்கள் படிவம் திருத்தப்பட்டுவிட்டது. பழைய மதிப்பெண்களைத் திருத்த வழியில்லை. லஸ்கர் சென்னையில்தான் இருக்கிறார். இங்கே வீடு பூட்டியிருக்கிறது. இன்று மேட்டூர் திறந்து பதினேழாம் நாள். காலண்டர் பார்க்காமல்தான் சொல்கிறேன்.