பிளாட்டினம் வாத்தியாரும் உரைகல்லும்

ஓசூரில் பைத்தியக்காரர்களுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் விரல் நீளக் கம்பி ஒன்றின்மேல் பைத்தியமானவர் எங்கள் பிளாட்டினம் வாத்தியார் ஒருவர்தான்.

அறுபதுகளின் கடைசியில் அவர் எங்கள் பள்ளியில் ரசாயனம் நடத்தினார், நான் தமிழ். உப்புகளைச் சுடரில் காட்டி நிறம் பார்க்கப் பள்ளியிலிருந்த ஒரே பிளாட்டினம் கம்பியை, மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்து வீட்டுக்கே கொண்டுபோய்விடுவார். வகுப்பில், "கம்பிய நான் புடிச்சிக்கறேன், நீங்க நெருப்ப மட்டும் பாருங்கடா" என்பார். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் கை நீட்டியபோதும் அதே பதில்தான்.

மனைவி ரோசம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்ததும் பித்து முற்றியது. பிளாட்டினத்தில் மருந்து உண்டா என்று சனிக்கிழமைதோறும் பெங்களூர் போய் வெளிநாட்டு விஞ்ஞானப் பத்திரிகைகளைப் புரட்டினார். ஒருமுறை நானும் கூடப் போனேன். திரும்பும் வழியில் ஜூஜுவாடி டீக்கடையில் நாலு லாரி டிரைவர்களைச் சுற்றி நிறுத்தி, நடுவில் தான் நின்றுகொண்டார்.

"நான் பிளாட்டினம். நீங்க ரெண்டு பேரு குளோரின், அவங்க ரெண்டு பேரு அம்மோனியா. குளோரின் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நின்னா எலிக்குக் கட்டி கரையுது. எதிரெதிரா நின்னா ஒண்ணும் நடக்கல!"

"ஏனு மேஷ்ட்ரே, எலிக்கா வைத்தியம் பாக்கறீங்க?" என்று கன்னடம் கலந்து கேட்டார் ஓர் அம்மோனியா.

"இப்ப எலிக்கு. அப்புறம் மனுஷனுக்கு."

அந்த அப்புறம் வருவதாக இல்லை. ரோசம்மா நாளுக்கு நாள் இளைத்தார். ஒரு மாலை நான் பார்க்கப் போயிருந்தபோது வாத்தியாரிடம் கேட்டார்: "கொழந்தைக்குத் தங்கம் உரசிக் குடுக்கறது இல்லைங்களா? உங்க கம்பியத்தான் தேன்ல உரசிக் குடுங்களேன்."

வெறும் பிளாட்டினம் மருந்தாகாது, தேனில் கரையவே கரையாது என்று பாடம் நடத்தப்போகிறார் என நினைத்தேன். அவரோ கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். உரைகல்லில் தேனை விட்டுக் கம்பியை உரசினார், உரசிக்கொண்டே இருந்தார், பிறகு அதை ரோசம்மாவின் நாக்கில் தடவினார்.

"எப்படி இருக்குது ரோசா?"

"வலி கொஞ்சம் அடங்கின மாதிரிதாங்க இருக்குது."

வெறும் தேன்தான் என்று இருவருக்குமே தெரியும். என்னால்தான் அங்கே உட்கார முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்பே ரோசம்மா போய்விட்டார். பள்ளிக்குத் திரும்பிய அன்று வாத்தியார் கம்பியை முன்வரிசைப் பையனிடம் நீட்டி, "நீங்களே புடிச்சிக்கங்கடா" என்றார்.

பல வருஷம் கழித்து, எலிக்குக் கட்டி கரைத்த அந்தப் பிளாட்டினம் மருந்து மனிதர்களுக்கும் வந்தது. அதைக் கேட்க வாத்தியார் இல்லை. இருந்திருந்தால் பஸ் ஸ்டாண்டிலேயே நாலு பேரைப் பிடித்து நிறுத்தியிருப்பார். அம்மோனியாவாக நான்தான் முதலில் போய் நின்றிருப்பேன்.